நம் வீட்டு முகட்டை நாமே ஏற்றுவோம்

நாகை, திருவாரூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஊரில் நிற்கும் ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் மண் சுமந்தவர்கள், செங்கல் எடுத்துக் கொடுத்தவர்கள், சாரம் கட்டியவர்கள், சென்ட்ரிங் அடித்தவர்கள் எல்லாரும் நம் தெருக்காரர்கள். வேலை முடிந்து மாலையில் அவர்களில் பலர் திரும்பிப் போவது கீற்று வேய்ந்த கூரைக்குள். ஊருக்கெல்லாம் கூரை போடத் தெரிந்த கைகள் தம் வீட்டுக்குக் கூரை போடாமல் ஏன் நின்றன? இன்று அந்தக் கைகள் தம் வீட்டு முகட்டைத் தாமே ஏற்ற என்ன தெரிந்திருக்க வேண்டும்? இந்த வாரம் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பேசுவோம்.

கூரை என்றால் தலைக்கு மேல் நிழல் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மழைக் காலத்தில் பிள்ளையின் பாடப்புத்தகம் நனையாமல் இருப்பதும், இரவில் ஒரு தீக்குச்சிக்கு அஞ்சாமல் தூங்குவதும், புயல் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடாமல் வீட்டிலேயே இருப்பதும் கூரையின் கையில்தான் இருக்கின்றன.

கீற்று ஏன் கீற்றாகவே இருந்தது?

கீற்றும் விழலும் ஓலையும் ஏழ்மையால் மட்டும் வந்தவை என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது. நாம் குடியிருந்த மனை நம்முடையதாக இல்லை. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடிசை நிற்கும் இடம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரரோடு பகைத்தால் இடத்தைவிட்டு விரட்டப்படுவார்கள் என்ற நிலையை அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது. பஞ்சமி நிலங்கள் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தஞ்சைத் தரணியிலும் இதே கதைதான். பண்ணையாள் குடியிருந்தது பண்ணையாருடைய மனைக்கட்டு. இன்றோ நாளையோ போகச் சொல்லக்கூடிய இடத்தில் யார் கருங்கல் அஸ்திவாரம் போடுவார்கள்? யார் தேக்கு விட்டம் ஏற்றுவார்கள்? பிரித்து எடுத்துத் தலையில் சுமந்து போகக்கூடிய மூங்கிலும் கீற்றும்தான் அந்த வாழ்க்கைக்குப் பொருந்தின. இதற்கு மேல் பல ஊர்களில் எழுதப்படாத விதிகளும் இருந்தன. ஓடு போடக் கூடாது, திண்ணை கட்டக் கூடாது, ஊர்க்காரர் வீட்டைவிட உயரமாக முகடு தூக்கக் கூடாது. தோளில் துண்டு போடுவதையும் காலில் செருப்பு போடுவதையும் தடுத்த அதே கை கூரையின் உயரத்தையும் அளந்து வைத்தது.

1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-ல் வந்த குடியிருப்பு அனுபவதாரர் சட்டம், அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஒரு நாள் இருக்கிறது. 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, உயிருக்குப் பயந்து நுழைந்த ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கீற்றும் மூங்கிலும் எவ்வளவு சீக்கிரம் எரியும் என்பது நம் மாவட்டத்துக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எங்கும் தெரியாது.

உறுதியான கூரை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடித் தீ வைக்கப்பட்டன. வெளியூர் போய் உழைத்துச் சேர்த்த காசில் கட்டிய உறுதியான வீடுகளும் அவற்றில் இருந்தன. நம் கூரை உயர்வதைப் பொறுக்காத கண்கள் இன்னும் இருக்கின்றன என்பதை அந்த நாள் காட்டியது. ஆனால் அதற்குப் பயந்து கூரையைத் தாழ்த்திக்கொள்ள முடியாது. சட்டத்தையும் தெரிந்துகொண்டு, கட்டும் வேலையையும் தெரிந்துகொண்டு உயர்த்துவதுதான் வழி.

வீட்டைக் கட்டுபவர் பயனாளிதான்

1985-ல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் என்றே வந்தது. 2016-ல் அது பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டமாக மாறியது. அந்தத் திட்டத்தின் விதிகளில் ஒன்றை நம்மில் பலர் கவனிப்பதில்லை. வீடு கட்ட ஒப்பந்ததாரரை நுழைக்கக் கூடாது, பயனாளியேதான் தன் வீட்டைக் கட்ட வேண்டும் என்கிறது விதி. குடும்பத்தின் உழைப்புக்கு, சமவெளிப் பகுதியில் 90 நாள் ஊரக வேலைத் திட்டக் கூலி பெறவும் அந்த விதிகள் இடம் வைத்தன. அதாவது அரசாங்கமே நம்மை வீடு கட்டுபவராக எண்ணித்தான் பணம் தருகிறது. நாம்தான் நம்மை அப்படி எண்ணிக்கொள்வதில்லை.

தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை போட வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். அடுப்படிக்கோ முன்புறத் தாழ்வாரத்துக்கோ ஓட்டுக் கூரை போட அந்த 60 அடி நல்ல வாய்ப்பு.

இன்னொரு பக்கம், பணம் தவணை தவணையாக வருகிறது. அடித்தளம் ஒரு தவணை, லிண்டல் மட்டம் ஒரு தவணை, கூரை ஒரு தவணை. வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை. கையில் காசு இல்லாத குடும்பம் லிண்டல் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. நாலு சுவர் எழும்பி, மேலே வானம் தெரிய, உள்ளே எருக்கு முளைத்துக் கிடக்கும் வீடு நம் தெருக்களில் புதிதல்ல. பழைய தொகுப்பு வீடுகளின் கதை வேறு மாதிரி. கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து, எப்போது தலையில் விழும் என்று தெரியாமல் பிள்ளைகளை ஓரமாகப் படுக்க வைக்கிறோம். பட்டா இல்லாததால் எந்தத் திட்டத்திலும் பெயர் வராத குடும்பங்களும் உண்டு.

இவர்கள் எல்லாருக்கும் கைகொடுக்கக்கூடியது மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ கோத்து, சாய்வாக ஓடு போடும் கூரை. கான்கிரீட் கூரையை ஒரே நாளில், மொத்தச் செலவோடு ஒட்ட வேண்டும். ஓட்டுக் கூரைக்கு இந்த மாதம் மரம், அடுத்த மாதம் ரீப்பர், அதற்கடுத்து ஓடு என்று சேர்க்கலாம். ஓர் ஓடு உடைந்தால் ஓர் ஓட்டை மாற்றினால் போதும். சிமெண்ட் ஷீட்டைப் போல நண்பகலில் வீட்டை அடுப்பாக்காது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூள் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மூன்று, நான்கு, ஐந்து

இனி வேலைக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பகுதியை அப்பாவோடும் அண்ணனோடும் சேர்ந்து படிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கேதான் உயிர் பெறுகிறது.

செங்கோண முக்கோணத்தின் இரண்டு சிறிய பக்கங்கள் 3, 4 என்றால் நீண்ட பக்கம் 5. இந்த ஒரே கணக்கை வைத்து அறை மூலைமட்டமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்துக்கொண்டு, இரண்டு குறிகளுக்கும் நடுவே நாடா பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வராவிட்டால் மூலை கோணல். சுவர் கோணலாக இருந்தால் கூரை அந்தக் கோணலைப் பெரிதாக்கிக் காட்டும். கைமரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம் கேட்கும்.

அதே கணக்கு கைமரத்தின் நீளத்தையும் சொல்லும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 12 அடி, நீளம் 20 அடி. முகடு நடுவில் வருவதால் பாதி அகலம் 6 அடி. சுவரின் தலையிலிருந்து முகட்டை 4½ அடி உயர்த்துகிறோம். 3, 4, 5 என்பதை ஒன்றரையால் பெருக்கினால் 4½, 6, 7½. ஆக, சுவரிலிருந்து முகடு வரை கைமரத்தின் நீளம் 7½ அடி. சுவருக்கு வெளியே இறவாணத்துக்கு, நம் பேச்சில் எறவானத்துக்கு, ஒன்றரை அடி சேர்த்தால் 9 அடி. இந்தச் சாய்வில் மழைநீர் ஓட்டில் தங்காமல் ஓடும். சாய்வு மிகவும் குறைந்தால் காற்று மழைநீரைப் பின்னோக்கித் தள்ளி ஓட்டின் அடியில் ஏற்றிவிடும். பத்து அடி போனால் ஐந்தடிக்கும் குறையாமல் உயர வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு அடிக்கு ஒரு கைமரம் என்றால் 20 அடி நீளத்துக்குப் பக்கத்துக்கு 11, இரு பக்கமும் சேர்த்து 22. பத்து இடைவெளிக்குப் பதினொரு மரம் என்பதைப் பலர் மறந்து இரண்டு மரம் குறைவாக வாங்கி வருவார்கள். முக்கோணச் சுவருக்கு வெளியே இரு பக்கமும் ஓர் அடி நீட்டினால் முகட்டு வளையின் நீளம் 22 அடி. கூரையின் பரப்பு ஒரு பக்கம் 9க்கு 22, அதாவது 198 சதுர அடி. இரு பக்கமும் 396. மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்குச் சுமார் 150 ஆகும். ஆக 600 ஓடு, உடைசலுக்கு ஒரு 30 சேர்த்து வாங்கலாம்.

ரீப்பர் இடைவெளியைப் புத்தகத்தைப் பார்த்து வைக்கக் கூடாது. ஏறக்குறைய 12½ அங்குலம் என்பார்கள். ஆனால் ஓட்டுக்கு ஓடு, சூளைக்குச் சூளை சிறிது மாறும். வாங்கிய ஓடுகளில் இரண்டு மூன்றைத் தரையில் ஒன்றின் மேல் ஒன்று கோத்து வைத்து, அடியில் உள்ள கொக்கிகளுக்கு இடையே அளந்துகொள்ள வேண்டும். அந்த அளவுக்கு ஒரு கட்டையை வெட்டி வைத்துக்கொண்டால் ரீப்பர் அடிக்கும்போது நாடாவே தேவைப்படாது. கட்டையை வைத்து, ரீப்பரை ஒட்டி, ஆணி அடித்துக்கொண்டே போகலாம். பழைய ஓட்டை மலிவாக வாங்குகிறவர்கள் ஒரே சூளை முத்திரை உள்ளவையாகப் பொறுக்குவது நல்லது. கலந்து வாங்கினால் கோப்பு சேராது.

சுவரைத் தள்ளும் பாரம்

ஓர் ஓட்டின் எடை 2 முதல் 3 கிலோ வரை. 600 ஓட்டுக்கு 1,200 முதல் 1,800 கிலோ. மழையில் நனைந்தால் இன்னும் கூடும். இந்தப் பாரம் நேராகக் கீழே இறங்கினால் சுவர் தாங்கும். சாய்ந்து நிற்கும் கைமரமோ பாரத்தை நேராக இறக்காமல் சுவரை வெளியே தள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துச் சாய்ந்து நிற்கட்டும். தரை வழுக்கினால் என்ன ஆகும்? கால்கள் பின்னால் சறுக்கி இருவரும் கீழே வருவார்கள். இருவர் கணுக்காலையும் ஒரு கயிற்றால் இணைத்துவிட்டால் சறுக்காது. கைமர ஜோடியில் அந்தக் கயிறுதான் குறுக்குச்சட்டம். ஒரு பக்கச் சுவரின் தலையிலிருந்து மறு பக்கச் சுவரின் தலை வரை போய் இரண்டு கைமரங்களின் அடிகளையும் பிடித்து நிற்பது அது. வீட்டுக்குள் தலை இடிக்கிறது, ஃபேன் மாட்ட இடைஞ்சல் என்று இதை அறுத்து எடுத்தவர்களின் வீட்டில் சில மழைக்காலத்துக்குள் சுவரின் தலைப்பகுதி வெளியே சாய்ந்து விரிசல் விடும். முகடு நடுவில் தொங்கும். நான்கு அடிக்கு ஒன்றாவது குறுக்குச்சட்டம் இருக்க வேண்டும். அது இழுவிசையைத் தாங்குவதால் முனைகளில் ஆணி மட்டும் போதாது, போல்ட் போட வேண்டும்.

இன்னொன்று, 20 அடி முகட்டு வளையை நடுவில் தாங்கல் இல்லாமல் விடக் கூடாது. வீட்டைக் கூடமும் அறையுமாகப் பிரிக்கும் நடுச்சுவரை முகடு வரை முக்கோணமாக எழுப்பி, வளையை அதன்மேல் உட்கார வைப்பது எளிதான வழி. உத்தரம் போட்டு அதன்மேல் குத்துக்கால் நிறுத்துவது இன்னொரு வழி. ஆனால் குத்துக்கால் கூரையின் பாரத்தில் பெரும்பகுதியை உத்தரத்தின் நட்டநடுவில் இறக்கும். உத்தரத்தின் கனத்தை அனுபவமுள்ள தச்சரிடமோ ஒன்றியத்துப் பொறியாளரிடமோ கேட்டே முடிவு செய்ய வேண்டும். முதல்முறை கட்டுகிறவர்களுக்கு நடுச்சுவரே நல்லது.

என்ன மரம், எப்படிப் பார்ப்பது

நம் பகுதியில் கைமரத்துக்குப் பனையைவிட்டால் வேறு இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். முற்றிய பனையின் வெளிப்பகுதி கறுத்து, வைரம் பாய்ந்து, இரும்பு மாதிரி இருக்கும். நடுப்பகுதி சோறு, அது உதவாது. பிளந்த பனங்கையை வாங்கும்போது கறுப்பு நார் நெருக்கமாக ஓடுகிறதா என்று முனையைப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் இளமரம். ஆனால் நினைத்தவுடன் பனையை வெட்ட முடியாது. 2021-ல் தமிழக அரசு அறிவித்தபடி பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஆகவே இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய பனங்கைதான் இன்று அதிகம் கிடைப்பது. பழையது என்று ஒதுக்க வேண்டாம். தட்டினால் கணீரென்று கேட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

வேம்பு, பூவரசு, நாட்டுக் கருவேலம் சட்டத்துக்கு ஆகும். சவுக்கு நேராக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் செல் அரிக்கும், வெடிக்கும். தற்காலிகக் கொட்டகைக்கும் சாரத்துக்கும் அது போதும். எந்த மரமானாலும் ஈரம் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் போட்ட பொருத்து காய்ந்ததும் தளர்ந்துவிடும். சுவருக்குள் போகும் முனைகளில் தார் பூச வேண்டும். கரையான் அங்கிருந்துதான் ஏறும்.

மரம் கிடைக்காத இடத்தில் சதுர இரும்புக் குழாயை வெல்டிங் செய்து அதே முக்கோணத்தை அமைக்கிறார்கள். பொருள் மாறினாலும் கணக்கு மாறாது. வெல்டிங் பிடித்த இடத்திலெல்லாம் துருப்பிடிக்காத பெயிண்ட் அடிக்காமல் மேலே ஏற்றக் கூடாது. கடற்காற்று வீசும் வேதாரண்யம், வேளாங்கண்ணிப் பக்கம் இது இன்னும் முக்கியம்.

ஏற்றும் நாள்

முதலில் சுவரின் தலை முழுக்க ஒரே மட்டமாக இருக்கிறதா என்று டியூப் லெவல் வைத்துப் பார்க்க வேண்டும். சுவரின் தலையைச் சுற்றி பெல்ட் கான்கிரீட் போட முடிந்தால் மிக நல்லது. அது ஈரமாக இருக்கும்போதே நாலடிக்கு ஒரு போல்ட்டை நிமிர்த்திப் பதித்துவிட வேண்டும். பிறகு அதன்மேல் சட்டத்தைப் படுக்க வைத்து நட்டு போட்டு இறுக்கலாம். கைமரங்கள் உட்காரப்போவது இந்தச் சட்டத்தின் மேல்தான்.

கைமரங்களைத் தரையிலேயே வெட்டி முடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளந்து வெட்டி, மேலே வைத்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்தால் அதையே அச்சாக வைத்து மற்ற 21ஐயும் வெட்டுவதுதான் முறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நாடா பிடித்தால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் போகும். சுவர்ச் சட்டத்தில் உட்காரும் இடத்தில் கைமரத்தின் அடியில் ஒரு வெட்டு வேண்டும். அந்த வெட்டு மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மரம் அந்த இடத்தில் பலமிழக்கும்.

மேலே முதலில் ஏறுவது முகட்டு வளை. அடுத்து இரண்டு ஓரத்துக் கைமர ஜோடிகள். அவற்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தி, சாய்வாக ஒரு முட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஓரத்து ஜோடிகளுக்கு இடையே முகட்டிலும் இறவாணத்திலும் நூல் கட்டினால் நடுவில் வரும் ஜோடிகள் அந்த நூலைத் தொட்டு நிற்கும். குறுக்குச்சட்டங்களைப் போட்டு முடித்த பிறகே ரீப்பர். ரீப்பர் முடிந்த பிறகே ஓடு. ஓட்டை ஒரே பக்கத்தில் முழுக்க ஏற்றிவிடக் கூடாது. இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை என்று கீழிருந்து மேலே போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் சட்டமே சாய்ந்துவிடும். கடைசியில் முகட்டு ஓடு வைத்துக் கலவை பூசினால் வேலை முடியும்.

இந்த வேலைக்கு நாலு பேர் போதும். மேலே இருவர், கீழே இருவர். சித்தாள் வேலைக்குப் போய்ப் பழகிய நம் பெண்கள் ஓடு கைமாற்றுவதில் மட்டும் நிற்க வேண்டியதில்லை. நாடா பிடிப்பதும் அச்சு வைத்துக் குறிப்பதும் அவர்கள் கைக்கு நன்றாக வரும். மேலே ஏறுபவர் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறக் கூடாது. ஈரத்திலும் காற்றிலும் வேலையை நிறுத்திவிட வேண்டும். ஒரு கூரைக்காக ஒரு கை கால் போனால் அந்த வீட்டுக்குள் நிம்மதி இருக்காது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதிந்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கஜா சொல்லிக் கொடுத்தது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது டெல்டா மாவட்டங்களில் கூரை பறக்காத தெரு அரிது. காற்று கூரையை மேலிருந்து அமுக்கும் என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இறவாணத்தின் அடியில் புகுந்து கூரையைத் தூக்கும். கூடவே கூரையின் மேல் ஓடும் காற்று அதை மேலே உறிஞ்சி எடுக்கும். அதனால் கனம் மட்டுமே கூரையைக் காப்பாற்றாது. கட்டுத்தான் காப்பாற்றும்.

கைமரத்தைச் சுவர்ச் சட்டத்தோடு இரும்புப் பட்டையோ கனமான கட்டுக்கம்பியோ போட்டுச் சுற்றிப் பிணைக்க வேண்டும். முகட்டு வளையோடும் அப்படியே. சுவர்ச் சட்டம் போல்ட்டால் பெல்ட்டோடு பிணைந்திருக்கிறது, பெல்ட் சுவரோடு சேர்ந்திருக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கூரை போய்விடும். இறவாணம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். நிழல் வேண்டுமென்றால் தாழ்வாரத்தைத் தனிக் கூரையாகப் போட வேண்டும். காற்று அதைப் பிய்த்தாலும் வீட்டுக் கூரை நிற்கும். இறவாணத்து ஓடுகளையும் முக்கோண ஓரத்து ஓடுகளையும் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிட வேண்டும். முதலில் பறப்பவை அவைதான்.

தச்சு யாருடைய சொத்து?

இவ்வளவையும் படித்தவர்களுக்கு ஒரு தயக்கம் வரலாம். இது ஆசாரி வேலை ஆயிற்றே, நம்மால் ஆகுமா என்று. உளி பிடிக்கும் கை ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வளர்ந்தது உண்மை. அந்தத் திறமைக்கு மரியாதை தர வேண்டும், தெரியாததை அவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டும். ஆனால் ஒரு வேலையை ஒரு பிறப்போடு பூட்டி வைத்ததைத்தான் அண்ணல் அம்பேத்கர் 1936-ல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில் கேள்விக்கு உள்ளாக்கினார். சாதி வேலையைப் பிரித்து வைப்பதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது என்று காட்டினார். மும்பை தாதரில் ராஜகிருகம் என்று பெயரிட்டு அவர் கட்டிய வீட்டில் புத்தகங்களுக்கே பெரும் இடம் ஒதுக்கினார். நம் வீட்டில் அவ்வளவு இடம் இருக்காது. ஒழுகாத ஒரு மூலையில் ஒரு பலகை அடித்துப் பிள்ளையின் புத்தகங்களை வைக்கலாம்.

கூரை வேலையில் எந்த மந்திரமும் இல்லை. ஒரு முக்கோணம், ஓர் அச்சு, ஒரு கட்டு. ஊர் வீடுகளுக்கு நாம் சாரம் கட்டிய கணக்கும் இதேதான். தெருவில் ஓர் இளைஞர் கற்றுக்கொண்டால் அடுத்த வீட்டுக்கு அவர் சொல்லிக்கொடுப்பார். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு, வெல்டிங் பிரிவுகளில் சேரும் நம் பிள்ளைகள் முதல் பயிற்சியாகத் தம் வீட்டுக் கூரையையே எடுத்துக்கொள்ளலாம்.

கூரைக்கு முன் காகிதம்

கடைசியாகச் சொல்வதை முதலில் செய்ய வேண்டும். மரம் வாங்கும் முன் மனைப் பட்டாவைப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா, நத்தமா, புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் இ-சேவை மையத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டா இல்லாதவர்கள் ஆதிதிராவிடர் நல வட்டாட்சியரிடம் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். முடிந்தவரை பட்டா வீட்டுப் பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்கட்டும். வீட்டுத் திட்டங்களும் அதையே விரும்புகின்றன. கிராமசபை நடக்கும் நாளில் பயனாளிப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முகடு உயர்கிறது என்று யாராவது மிரட்டினால், கூலி கொடுத்தாலும் வேலைக்கு வரக் கூடாது என்று ஆட்களைத் தடுத்தால், பொருள் விற்கக் கூடாது என்று கடைக்காரரிடம் சொன்னால் அது வெறும் ஊர்ச் சண்டையாக முடிந்துபோகிற விஷயம் இல்லை. 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்யப்பட்ட திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்து அழிப்பது அதே சட்டத்தின்படி ஆயுள் தண்டனைக்குரிய குற்றம். தேதி, நேரம், சொன்னவர், கேட்டவர் என்று எழுதி வைத்துப் புகார் கொடுங்கள். மனுவின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை முடிய வேண்டுமானால் சித்திரை, வைகாசியிலேயே மரம் வந்து காயத் தொடங்க வேண்டும். லிண்டல் மட்டத்தோடு நிற்கும் வீடு உங்கள் தெருவில் எத்தனை என்று இந்த வாரம் எண்ணிப் பாருங்கள். நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் என்று ஒரு மாதத்தில் நாலு முகடு ஏறிவிடும். டியூப் லெவலும் தூக்குக்குண்டும் நாலு வீட்டுக்கும் ஒரே செட் போதும்.